உடைந்த பல்லும் ஊன்றும் பல்லும்



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் 46 வயதான ஒரு குடும்பத் தலைவி. அவர் எழுதியதன் சாரம் இது:

"எட்டு மாதங்களுக்கு முன் வறுத்த கடலையைக் கடித்தபோது, இடப்புறக் கீழ்த்தாடையில் முன்பே சொத்தை அடைத்திருந்த கடைவாய்ப் பல் பாதியாய் உடைந்து விழுந்தது. அன்று முதல் வலப்புறமாகவே மென்று வருகிறேன். வலி எடுத்தால் கிராம்பு வைத்துக்கொள்கிறேன். அண்மையில் பல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் வைக்கலாம், 35,000 ரூபாய் ஆகும் என்றார். என் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார் என் கணவர். 'ஒரு பல்லுக்கா இத்தனை பணம்? பிடுங்கிவிட்டுச் சும்மா இரு. நான் பல் இல்லாமல் சோறு உண்ணவில்லையா?' என்கிறார் அத்தை. மூத்த மகளின் செவிலியர் படிப்புக்கு அடுத்த திங்கள் கட்டணம் கட்ட வேண்டும். எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இந்த வயதில் ஒரு பல்லுக்கு ஆசைப்படுவது ஆடம்பரமா?"

அன்புச் சகோதரி, உங்கள் மடலில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று மருத்துவரைக் கேட்க வேண்டியது. மற்றொன்று குடும்பம் கூடிப் பேச வேண்டியது. இரண்டையும் பிரித்தறிந்தால் பாதிக் கலக்கம் தீரும். இதே கலக்கம் நம் வாசகர் இல்லங்கள் பலவற்றில் இருக்கக்கூடும் என்பதால், பெயர் குறிப்பிடாமல் இப்பகுதியிலேயே விடை எழுதுகிறோம்.

முதலில் நம் பிழையை ஒப்புக்கொள்வோம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நமக்கும் கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் போயிற்று. பிடுங்கிய மருத்துவர், அவ்விடத்தை வெறுமையாக விடவேண்டாம் என்று எச்சரித்தார். வலி நின்றுவிட்டதால் நாம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில ஆண்டுகள் சென்றபின் பார்த்தால், பின்னால் இருந்த பல் வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. மேலே எதிரில் இருந்த பல் தனக்குத் துணையில்லாமல் கீழே இறங்கியிருந்தது. சாய்ந்த பல்லின் இடுக்கில் உணவு தங்கி, அதுவும் சொத்தையாயிற்று. ஒன்றைச் சேமிக்கப் போய் இரண்டைத் தொலைத்தோம். ஆகவே அத்தையின் யோசனையை நாம் கைக்கொண்டு பார்த்தவர்கள் என்ற முறையிலேயே எழுதுகிறோம்.

பல்லில்லாத இடத்தில் நேரும் மாற்றம் இன்னொன்றும் உண்டு. பல்லின் வேர் இருக்கும்வரை அதனைத் தாங்கும் தாடை எலும்பு பருமனாய் இருக்கும். வேர் போனபின் அவ்வெலும்பு கரையத் தொடங்கும். இக்கரைவின் பெரும்பகுதி முதல் ஓராண்டிலேயே நிகழ்ந்துவிடுகிறது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நெடுங்காலம் தள்ளிப்போடுவோர், பின்னாளில் இம்ப்ளாண்ட் வைக்க விரும்பினாலும் போதிய எலும்பு இல்லாமல், எலும்பு வளர்க்கும் தனிச் சிகிச்சையும் செய்துகொள்ள நேரிடலாம்.

எனினும், "இம்ப்ளாண்ட் வைக்கலாமா?" என்பது முதற் கேள்வி ஆகாது. "இந்தப் பல் பிழைக்குமா?" என்பதே முதற் கேள்வி. இறைவன் தந்த பல்லுக்கு நிகராக மனிதன் செய்த பல் எதுவும் இல்லை. நம் பல், எலும்போடு ஒட்டிக்கிடப்பதன்று. மெல்லிய நார்களால் எலும்பில் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அந்நார்களே கடியின் அதிர்வைத் தாங்குகின்றன. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டாலும் உடனே உணர்த்துகின்றன. இம்ப்ளாண்டுக்கு அந்நார்கள் இல்லை. ஆகவே காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றுவதே முறை.

பாதி உடைந்த பல் என்பதாலேயே அது பிழைக்காது என்று கொள்ள வேண்டியதில்லை. உள்ளிருக்கும் நரம்பும் சதையும் கெட்டிருந்தால் அவற்றை நீக்கி வேர்க்குழாயைத் தூய்மைசெய்து அடைக்கும் ரூட் கனால் சிகிச்சை உண்டு. அதன்பின் பல்லின்மேல் கேப் எனப்படும் உறை போடுவார்கள். உறை நிலைத்து நிற்க, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவேனும் உறுதியான பல் எஞ்சியிருக்க வேண்டும் என்பது பல் மருத்துவரின் கணக்கு. அந்த அளவு எஞ்சியிருந்தால் நம்பிக்கை உண்டு. மாறாக, வேர் நெடுக்காகப் பிளந்திருந்தாலோ, சொத்தை ஈறுக்கு வெகு கீழே இறங்கியிருந்தாலோ, பல்லைத் தாங்கும் எலும்பு பெரிதும் அழிந்திருந்தாலோ, அப்பல்லுக்காகப் பணம் செலவிடுவது வீணாகும். பிடுங்குவதே நல்லது.

உங்கள் மடலில் எக்ஸ்ரே எடுத்ததாகவோ, வேரில் பிளவு உண்டா என்று ஆராய்ந்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. ஆகையால் எக்ஸ்ரே எடுத்து, மற்றொரு பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். "ஐயா, இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா? இல்லையென்றால் ஏன்?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது முதலில் பார்த்த மருத்துவரை அவமதிப்பதாகாது. அவர் சொன்னதே சரியென்று இரண்டாமவரும் கூறினால், மன அமைதியோடு பல்லைக் கொடுக்கலாம்.

பிடுங்கத்தான் வேண்டும் என்றால், அதன்பின் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கழற்றி மாட்டும் பல் செட். செலவு மிகக் குறைவு. அறுவை ஏதும் இல்லை. ஆயினும் இரவில் கழற்றி வைக்க வேண்டும். மெல்லும் வலிமை குறைவு. பக்கத்துப் பற்களில் கம்பி பற்றும் இடத்தில் அழுக்குச் சேராமல் காக்க வேண்டும். கையில் பணமில்லாத காலத்தில், பற்கள் சாயாமல் இடத்தைக் காத்து வைக்க இது உதவும்.

இரண்டாவது, பிரிட்ஜ் எனப்படும் பாலம். இருபுறமும் உள்ள பற்களைச் சீவி உறைபோட்டு, நடுவில் ஒரு பல்லைத் தொங்கவிடுவது. சில வாரங்களில் வேலை முடியும். அறுவையும் இல்லை. ஆனால் பழுதற்ற இரண்டு பற்களைச் சீவ நேரும் என்பதே இதன் குறை. பக்கத்துப் பற்கள் முன்பே பெரிதாக அடைக்கப்பட்டவையாகவோ உறை போட வேண்டியவையாகவோ இருந்தால், பாலமே பொருத்தமானது எனலாம்.

மூன்றாவதுதான் இம்ப்ளாண்ட். தமிழில் ஊன்றுபல் என்று சொல்லிப் பார்ப்போமே! டைட்டேனியம் என்னும் உலோகத்தாலான சிறு திருகு ஒன்றைத் தாடை எலும்பில் ஊன்றி, அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டைப் பொருத்தி, அதற்கு மேலே பல்வடிவ உறையை வைப்பது. ஆக, இதில் மூன்று பாகங்கள். பக்கத்துப் பற்களைத் தொடவேண்டியதில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

இது தோன்றிய கதை சுவையானது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பேர்-இங்வார் பிரோனெமார்க் என்பவர், 1950-களில் எலும்பினுள் இரத்தம் ஓடும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக முயல்களின் கால் எலும்பில் டைட்டேனியத்தாலான நுண்கருவிகளைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது அவை வரவில்லை! எலும்பு அவ்வுலோகத்தை அந்நியமாக ஒதுக்காமல் தன்னோடு இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. அப்பற்றுதலையே அவர் மருந்தாக்கினார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனியத் திருகுகளை ஊன்றினார். அந்நோயாளர் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை அவருக்குப் பயன்பட்டன. தொடக்கத்தில் ஐயுற்ற மருத்துவ உலகமும், 1982-இல் கனடாவின் டொராண்டோ நகரில் கூடிய மாநாட்டிற்குப் பின் இம்முறையைப் பரவலாக ஏற்கத் தொடங்கியது.

இது ஒரே நாளில் முடியும் வேலையன்று. பல்லைப் பிடுங்கிய புண் ஆறச் சில மாதங்கள் காத்திருப்பது வழக்கம். சிலருக்கு மட்டும் பிடுங்கிய அன்றே திருகை ஊன்ற இயலும். ஊன்றுவதற்குமுன் ஸ்கேன் எடுத்து எலும்பின் உயரத்தையும் பருமனையும் அளப்பார்கள். ஊன்றும்போது அவ்விடத்தை மரத்துப்போகச் செய்ய ஊசி போடுவதால் வலி தெரியாது. பின்னர்ச் சில நாள் வீக்கமும் நோவும் இருக்கலாம். திருகை எலும்பு பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அதன் பின்னரே உறை. பொறுமையே இங்குப் பாதி மருத்துவம்.

பலன் எப்படி? நல்ல உடல்நிலை உடையோர்க்கு, தேர்ந்த கைகளால் ஊன்றப்பட்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பத்தாண்டுகளுக்குப் பின்னும் நிலைத்திருக்கின்றன. "ஆயுளுக்கும் உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்வாரை மட்டும் நம்பவேண்டாம். திருகு சொத்தையாகாது என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நோயுறும். துலக்காமல் விட்டால் அழுக்குப் படிந்து, ஈறு வீங்கி, எலும்பு அரிக்கப்பட்டு, ஒரு நாள் திருகே ஆடத் தொடங்கும். ஆகவே நாள்தோறும் இருவேளை துலக்குவதும், இடுக்குகளைத் தூய்மை செய்வதும், குறித்த காலத்தில் மருத்துவரிடம் காட்டுவதும் வாழ்நாள் கடமைகள். இருக்கும் பல்லையே பேணாதவர், ஊன்றிய பல்லை எவ்வாறு பேணுவார்?

இனி, உடல்நிலை பற்றி. சர்க்கரை நோய் உள்ளவர்க்கு இம்ப்ளாண்ட் கூடவே கூடாது என்பது தவறான எண்ணம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வைக்கலாம். கட்டுக்கடங்காமல் இருந்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். ஆகவே, கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை முதலில் செய்துகொண்டு, உங்களுக்குச் சர்க்கரைக்கு மருந்து தரும் மருத்துவரின் இசைவையும் பெறுங்கள். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஆண்டுக்கு ஓர் ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள், தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் ஆகியோர் அதைப் பல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்காகத் தாமாகவே மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. புகைபிடிக்கும் ஆடவர்க்கும் ஒரு சொல்: புகை, ஈறுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்து, எலும்பு திருகைப் பற்றுவதைக் கெடுக்கும். ஈறு நோய் உள்ளோர் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். தாடை வளர்ச்சி முடியாத இளம் பிள்ளைகட்கு இம்ப்ளாண்ட் ஊன்றுவதில்லை.

இடர்களையும் அறிந்திருப்பது நன்று. கீழ்த்தாடையினுள் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. அளவு தவறித் துளையிட்டால் அவ்விடம் மரத்துப்போகும்; சில வேளை அது நெடுநாள் நீடிக்கும். மேல்தாடையில் கடைவாய்ப் பற்களுக்கு மேலே காற்று நிறைந்த சைனஸ் அறை உள்ளது. திருகு அதனுள் புகாமல் காக்க வேண்டும். ஸ்கேன் எடுத்து அளக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்தச் செலவை மிச்சப்படுத்த முனைய வேண்டாம்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். இன்று நம் ஊர்களிலுள்ள தனியார் மருத்துவமனைகளில் ஓர் இம்ப்ளாண்டுக்கு உறையும் சேர்த்து 20,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரையும், சில இடங்களில் அதற்கு மேலும் கேட்கிறார்கள். உங்களிடம் சொன்ன 35,000 ரூபாய் எதற்கெல்லாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திருகுக்கு மட்டுமா? இணைப்புத் துண்டும் உறையும் அதில் அடங்குமா? ஸ்கேன் தனியா? எலும்பு போதாதென்றால் மேலும் எவ்வளவு? ஊன்றிய திருகை எலும்பு பற்றாமல் போனால் யார் செலவு? தவணையில் கட்டலாமா? இவற்றைக் கேட்கக் கூச்சம் வேண்டாம். ஊன்றியபின், அந்தத் திருகின் நிறுவனப் பெயரும் அளவும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, குடும்ப அட்டையோடு பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் வேறோர் ஊரில் பழுதுபார்க்க நேர்ந்தால், பொருத்தமான பாகம் தேட அவ்வட்டை உதவும்.

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1953 முதல் பணியாற்றி வருகிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை கிடைக்கிறது. பலமுறை போய்வர வேண்டியிருக்கும், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் பல்லைப் பிடுங்க வேண்டுமா என்ற இரண்டாம் கருத்தையாவது அங்குக் குறைந்த செலவில் பெறலாம்.

அன்புச் சகோதரி, இனி உங்கள் இறுதிக் கேள்விக்கு வருகிறோம். ஒரு பல்லுக்கு ஆசைப்படுவது ஆடம்பரமா?

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் பல் வலித்தால் அன்றே ஓடுகிறோம். தந்தையின் பல் வலித்தால் வேலைக்குச் செல்ல வேண்டியவர் என்று மறுநாள் அழைத்துப் போகிறோம். தாயின் பல் மட்டும் கிராம்போடு எட்டு மாதம் காத்திருக்கிறது. அத்தையை நாம் குறைகூறவில்லை. அவர் காலத்தில் பல் போனால் போனதுதான். வேறு வழி இருக்கவில்லை. பல்லின்றி உண்டதை அவர் பெருமையாகச் சொன்னாலும், குழைந்த சோறும் ரசமுமாகவே அவர் கழித்த ஆண்டுகள் எத்தனை என்று ஒரு நாள் அன்போடு கேட்டுப் பாருங்கள். கீரையும் பயறும் காயும் மெல்ல முடியாதவர்க்கு, அதிலும் சர்க்கரை நோயாளர்க்கு, உணவு முறையே கெட்டுவிடும். மெல்லுவது ஆடம்பரமாகாது.

பல் நோயாளரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றும் புனித அப்போலோனியா, 249-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் பற்கள் நொறுக்கப்பட்டு மறைசாட்சியானவர். அவர் தம் விசுவாசத்திற்காக அத்துன்பத்தைத் தாங்கினார். நம் இல்லத் தாய்மார் தாங்கும் பல்வலியோ, பெரும்பாலும் சொல்லத் தயங்கியதால் வந்தது. இரண்டையும் ஒன்றெனக் கருதி, தவிர்க்கக்கூடிய வலியைத் தியாகமென்று எண்ண வேண்டாம்.

அதே வேளையில், இம்ப்ளாண்ட் வைத்தே தீரவேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. மகளின் கட்டணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதை மாற்ற இயலாது. பல்லுக்கான செலவையோ படிப்படியாகப் பிரிக்கலாம். நாம் தரும் வரிசை இதுவே: இந்த வாரமே எக்ஸ்ரேயும் இரண்டாம் கருத்தும், அவற்றுக்குச் செலவு சிறிது. பல் பிழைக்குமென்றால் ரூட் கனாலும் உறையும். இது இம்ப்ளாண்டைவிடப் பெரும்பாலும் குறைந்த செலவே. பிழைக்காதென்றால் தாமதியாமல் பிடுங்கிவிடுங்கள். சீழ் பிடித்த பல், சர்க்கரையையும் கட்டுக்கடங்க விடாது. புண் ஆறும் மாதங்களில் சர்க்கரையைச் சீர்செய்து, பணத்தையும் சிறுகச் சேருங்கள். இடையில் தேவையானால் கழற்றி மாட்டும் பல் ஒன்று இடத்தைக் காக்கும். அதன்பின் இம்ப்ளாண்டா, பாலமா என்பதை, பக்கத்துப் பற்களின் நிலையையும் எலும்பின் அளவையும் பார்த்து மருத்துவரோடு முடிவுசெய்யுங்கள். நம்மைப்போல் பதினோரு ஆண்டுகள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சங்கிலியை அடகு வைக்க முன்வந்த உங்கள் கணவரின் அன்புக்கு நம் வாழ்த்து. அடகுக் கடைக்குப் போகுமுன், உங்களோடு அவரும் ஒருமுறை பல் மருத்துவரிடம் வந்து, எக்ஸ்ரேயைத் தம் கண்ணாலேயே பார்க்கட்டும். பல் தாயின் வாயில் இருந்தாலும், அதைப் பற்றிய முடிவு வீட்டார் அனைவரும் அறிந்து எடுத்ததாக இருக்கட்டும்.

இதைப் படிக்கும் ஏனைய இல்லத்தாரே, இன்றிரவு உணவின்போது உங்கள் வீட்டு அன்னையர் எந்தப் புறமாக மெல்லுகிறார்கள் என்று சற்றே கவனியுங்கள். ஒரு புறமாகவே மென்றால், காரணம் கேளுங்கள். அடுத்த திங்கள் சந்திப்போம்.